இயலுநிலையும் நிகழ்நிலையும்: அரிஸ்டாட்டிலின் கோட்பாடும் சைவ சித்தாந்த உயிர்க்கொள்கையும்

முன்னுரை

கிரேக்க மெய்யியலில் அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) வகுத்த கோட்பாடுகளுள் பின்வந்த மெய்யியல் முழுமைக்கும் அடித்தளமாக அமைந்த ஒன்று, டூனமிஸ், எனெர்கேயா என்னும் இணைக்கருத்தாகும். ஒரு பொருள் ஒன்றாக ஆதற்குரிய தகுதியோடு இருக்கும் நிலை முன்னது. அவ்வாறே ஆகி நிற்கும் நிலை பின்னது. இக்கட்டுரையில் முன்னது இயலுநிலை எனவும் பின்னது நிகழ்நிலை எனவும் குறிக்கப்பெறும். இச்சொற்களைத் தேர்ந்தமைக்கான காரணம் பின்னர் விளக்கப்படும்.

தமிழில் வெளிவரும் ஒப்பியல் ஆய்வுகள் இக்கோட்பாட்டைச் சற்காரியவாதத்தோடு இணைத்துப் பேசுவது பெரும்பான்மை வழக்கு. விதையுள் மரம் அடங்கியிருத்தலும் மண்ணுள் குடம் அடங்கியிருத்தலும் இயலுநிலைக்குச் சான்றாகக் காட்டப்பெறுகின்றன. மேலோட்டமாக நோக்கின் இவ்வொப்புமை பொருந்துவதாகவே தோன்றும். ஆயின், இரு மரபுகளின் வாதங்களையும் அடியொற்றிப் பார்க்கும்போது இவ்விணைப்பு இரண்டுக்கும் ஊறு செய்வது புலனாகிறது. சித்தாந்தத்தில் அரிஸ்டாட்டிலின் கோட்பாட்டோடு உண்மையில் ஒப்பிடத்தக்க இடம் மாயையின் விரிவைப் பேசும் பகுதியில் இல்லை. உயிரின் அறிவைப் பேசும் பகுதியில் உள்ளது. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இரு மரபுகளுக்கும் இடையே வரலாற்றுத் தொடர்பு உண்டென்பது இங்குக் கருதப்படவில்லை.

ஒரு வினா, வேறுபட்ட விடைகள்

இரு மரபுகளும் ஒரே வினாவிலிருந்து தொடங்குகின்றன. தோன்றும் பொருள் எதிலிருந்து தோன்றுகிறது? உள்ளதிலிருந்து எனின், அது முன்னரே உள்ளதாதலின் தோன்றவேண்டியதில்லை. இல்லதிலிருந்து எனின், இல்லதிலிருந்து எதுவும் வாராது. இவ்விருதலை வாதத்தால் பார்மெனிடீஸ் மாற்றம் என்பதையே மறுத்தார். அரிஸ்டாட்டில் தம் இயற்பியல் நூலின் முதற்பகுதியில் இவ்வாதத்தை எடுத்துக்கொண்டு, 'உள்ளது' என்னும் சொல் ஒரே பொருளில் வழங்குவதன்று என விடையளிக்கிறார். வெண்கலம் சிலையாக நிகழ்நிலையில் இல்லை; இயலுநிலையில் உள்ளது. ஆகவே சிலை தோன்றுவது முற்றும் உள்ளதிலிருந்தும் அன்று. முற்றும் இல்லதிலிருந்தும் அன்று.

இந்திய மரபில் இவ்வினாவுக்குச் சாங்கியமும் நியாய வைசேடிகமும் எதிரெதிரான விடைகளைத் தந்தன. காரியம் காரணத்தில் முன்னரே உண்டு என்பது சாங்கியம். ஈசுவர கிருஷ்ணரின் சாங்கிய காரிகை இதற்கு ஐந்து ஏதுக்களைக் கூறும். அவற்றுள் நான்காவது, ஆற்றலுடைய காரணம் தன்னால் இயலும் காரியத்தையே தோற்றுவிக்கும் என்பதாகும். எள்ளிலிருந்து எண்ணெய் வருவதும் மணலிலிருந்து வாராமையும் இதனால் விளங்கும். நியாய வைசேடிகரோ காரியம் புதிதாகத் தோன்றுவது என்றும், தோன்றுமுன் அதற்கு 'முன்னின்மை' உண்டு என்றும் வாதிட்டனர். மணிமேகலையின் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் சாங்கியவாதியும் வைசேடிகவாதியும் தத்தம் கொள்கைகளை உரைப்பதைக் காண்கையில், இவ்விவாதம் நடந்த களத்தைத் தமிழ் இலக்கியம் நன்கு அறிந்திருந்தமை தெளிவாகும்.

மெகாரியர் வாதமும் தமிழ் இலக்கண நோக்கும்

மெய்ப்பொருளியல் நூலின் ஒன்பதாம் பகுதியில் அரிஸ்டாட்டில் மெகாரியர் எனப்படுவோரின் கொள்கையை மறுக்கிறார். ஒருவன் ஒரு தொழிலைச் செய்யும்போது மட்டுமே அதனைச் செய்ய வல்லவன். செய்யாதபோது வல்லவன் அல்லன் என்பது அவர்தம் கொள்கை. இதன்படி, வீடு கட்டுவோன் வேலையை நிறுத்திய கணமே தன் கலையை இழப்பான். மீண்டும் தொடங்கும்போது அதனை எங்கிருந்து பெற்றான் என்பதற்கு விடையில்லை. கண்ணுடையவனும் காணாத பொழுதெல்லாம் குருடனாவான். ஒரே நாளில் பன்முறை குருடனாவான். இம்மறுப்பின்வழி, செயற்படாத போதும் திறம் என ஒன்று உண்மையாகவே இருக்கிறது என்பதை அவர் நிலைநாட்டுகிறார்.

தமிழ் இலக்கண மரபை அறிந்தோர்க்கு இவ்வாதம் அயலானதாகத் தோன்றாது. கொல்யானை, சுடுதீ போன்ற வினைத்தொகைகள் முக்காலத்துக்கும் உரியனவாய்க் காலம் கரந்து நிற்பவை. கொல்யானை என்றவழி அது இக்கணம் கொல்கின்றதா என்பது வினா அன்று. கொல்லுதல் அதன் இயல்போடு சேர்த்துப் பேசப்படுகிறது. மலை நிற்கும், தீச் சுடும் என்றாற்போல முக்காலத்தும் ஒத்தியலும் பொருள்களைச் 'செய்யும்' என்னும் வாய்பாட்டுச் சொல்லால் கூறவேண்டும் எனத் தொல்காப்பியர் வினையியலில் விதித்திருப்பதும் இங்கு நினையத்தக்கது. விறகில்லாத இடத்தும் தீயின் சுடுதன்மையை மொழி மறுப்பதில்லை. இதனால் தொல்காப்பியர் அரிஸ்டாட்டிலின் கோட்பாட்டைக் கொண்டிருந்தார் என்று கூறுதல் மிகையாகும். செயலுக்கும் செயல்திறனுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும் சொல்லமைப்பு தமிழில் உண்டு என்ற அளவே இதனால் பெறப்படும்.

சற்காரியவாதமும் இயலுநிலையும் வேறுபடும் இடம்

சித்தாந்தம் சற்காரியவாதத்தை ஏற்பது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டு நூற்பாக்களால் ஆனது. அதன் முதல் நூற்பா, உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதாதலின் அதனைத் தோற்றுவிப்போன் ஒருவன் உளன் என நிறுவுவது. உலகம் மாயையில் சூக்குமமாய் ஒடுங்கியிருந்து தூலமாய் வெளிப்படுகிறது என்பது இதன் உரைவிரிவில் பெறப்படும் கருத்து. காரியம் என்பது இங்குப் புதிதாய் உண்டாவதன்று; மறைந்திருந்தது வெளிப்படுவதே ஆகும். சுருட்டிய துணி விரிவது போன்றது அது.

அரிஸ்டாட்டிலின் இயலுநிலை இதனின் வேறானது. எல்லாம் எல்லாவற்றுள்ளும் நுண்ணிய கூறுகளாய்க் கலந்துள்ளன என்றும், தோற்றம் என்பது அவை பிரிந்து வெளிப்படுதலே என்றும் கூறிய அனக்சாகொரஸை அவர் மறுக்கிறார். வெண்கலத்துள் சிலை நுண்வடிவில் ஒளிந்திருக்கவில்லை. ஒளிந்திருப்பின் அது சிறிய அளவில் நிகழ்நிலையில் இருப்பதாகவே முடியும். இயலுநிலை என்னும் தனி இருப்பு முறைக்கு வேலையில்லை. அரிஸ்டாட்டிலுக்கு இயலுநிலை என்பது மறைந்த நிகழ்நிலை அன்று. ஆகவே, விதையுள் மரம் சூக்குமமாய் இருக்கிறது என்ற உவமையைக் காட்டி அதுவே அவர்தம் கோட்பாடு என்பார், அவர் மறுத்த கொள்கையையே அவர்மேல் ஏற்றிக் கூறுபவராவர்.

இவ்வேறுபாட்டின் இன்றியமையாமை, சற்காரியவாதத்தின்மேல் நியாய நூலார் எழுப்பும் தடையால் மேலும் விளங்கும். காரியம் முன்னரே உண்டெனின், அதன் வெளிப்பாடு முன்னரே உண்டா, இல்லையா? உண்டெனின் முயற்சி வீணாகும். இல்லையெனின் வெளிப்பாடு இல்லதிலிருந்து தோன்றியதாகி, சற்காரியவாதம் தானே தன்னை மறுக்கும். 'உள்ளது' என்பதை ஒரே பொருளில் கொள்ளும் வரை இத்தடையைக் கடப்பது அரிது. அரிஸ்டாட்டில் அச்சொல்லின் பொருளை இரண்டாக்கியமையின் தடை அவரைத் தாக்குவதில்லை.

எனினும் சித்தாந்தம் ஓரிடத்தில் சாங்கியத்தினும் அரிஸ்டாட்டிலுக்கு அணிமையில் நிற்கிறது. சாங்கியத்தில் மூலப்பகுதி ஒருவரால் இயக்கப்படாமல் தானே விரிகிறது. சித்தாந்தமோ மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என மூன்றாக வகுத்து, அறிவில்லாத மாயை தானே காரியப்படாது என்கிறது. இயலுநிலையில் உள்ளதை நிகழ்நிலைக்குக் கொணர, முன்னரே நிகழ்நிலையில் உள்ள ஒன்று வேண்டும் என்பது அரிஸ்டாட்டிலின் துணிபு. மனிதனைப் பெறுபவன் மனிதனே என்பது அவர் காட்டும் சான்று. நிகழ்நிலையே முற்பட்டது என்னும் இக்கருத்தும், குயவனின்றிக் குடமில்லை என்னும் சித்தாந்த வாதமும் ஒரு திசையில் செல்வன.

உயிர்க்கொள்கையே ஒப்பீட்டின் களம்

மாயையை விட்டு உயிரை நோக்கும்போது ஒப்புமை ஆழமாகிறது. சிவஞானபோதத்தின் ஏழாம் நூற்பா சத்து, அசத்து, சதசத்து என்னும் பகுப்பை அமைக்கிறது. சத்தாகிய இறை அசத்தை அனுபவித்து அறியாது. அசத்தாகிய உலகுக்கு அறிவில்லை. இரண்டையும் அறிவது இரண்டும் அல்லாத உயிர். தான் எதனைச் சார்கிறதோ அதன் வண்ணமாதல் உயிரின் இயல்பு. அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டும் படிகம் இதற்கு உவமையாக வழங்கும்.

உயிர் பற்றிய நூலின் மூன்றாம் பகுதியில் அரிஸ்டாட்டில் கூறும் அறிவுக்கொள்கை இதனோடு வைத்து எண்ணத்தக்கது. அறிவு தான் அறியும் எல்லாவற்றையும் ஏற்கவேண்டுமாயின், அறிவதற்கு முன் அது அவற்றுள் ஒன்றாகவும் இருத்தலாகாது. எழுத்து இன்னும் பொறிக்கப்படாத பலகை போன்றது அது. எல்லாம் ஆதற்கு இயன்றதாய், எதுவும் ஆகாததாய் நிற்பது இவ்வறிவு. 'இரண்டும் அல்லாதது' என்னும் சித்தாந்த இலக்கணமும் 'எதுவும் ஆகாதது' என்னும் கிரேக்க இலக்கணமும் ஒரே தேவையிலிருந்து பிறந்தவை: அறிவது, அறியப்படும் பொருளின் தன்மையை ஏற்க இடமுடையதாக இருக்கவேண்டும் என்பதே அத்தேவை.

அறிவின் படிநிலைகளிலும் ஒப்புநோக்க இடமுண்டு. அரிஸ்டாட்டில் இலக்கண அறிவையே சான்றாகக் கொள்கிறார். கற்கும் தகுதி மட்டும் உடைய மனிதன் ஒருவன். இலக்கணம் கற்று, இப்போது அதனை எண்ணாதிருப்பவன் மற்றொருவன். குறிப்பிட்ட ஓர் எழுத்தை இப்போது அறிந்துகொண்டிருப்பவன் மூன்றாமவன். முதல் இருவரும் இயலுநிலையினர். ஆயினும் இருவர் இயலுநிலையும் ஒன்றன்று. முதலாமவன் கல்வியால் மாறவேண்டும். இரண்டாமவனோ தடையில்லையாயின் விரும்பியபோது எண்ணவல்லவன்.

சித்தாந்தம் உயிருக்குக் கேவலம், சகலம், சுத்தம் என மூன்று நிலைகளைக் கூறுகிறது. கேவலத்தில் உயிர் ஆணவத்தால் மறைப்புண்டு, காரிருளில் கண் போல எதனையும் அறியாது கிடக்கும். சகலத்தில் மாயையின் காரியமாகிய உடலும் கருவிகளும் சிறுவிளக்காய் உதவ, சிலவற்றை மட்டும் அறியும். சுத்தத்தில் ஞாயிறு எழுந்தாற்போல அருளொளியில் நின்று அறியும். இருளிலும் கண் கண்ணே. அதன் காணும் திறம் அழிவதில்லை. மெகாரியர்க்கு அரிஸ்டாட்டில் அளித்த விடையும் இருட்கண் உவமையும் இவ்விடத்தில் ஒன்றுபடுகின்றன.

மூன்றையும் மூன்றோடு நேர்நிறுத்தி ஒப்பீட்டை முடித்துவிடுதல் எளிது, ஆயின் பொருந்தாது. இலக்கணம் கற்றவன் தானே எண்ணவல்லவன். சித்தாந்த உயிர் எந்நிலையிலும் அத்தகைய தனியுரிமை பெறுவதில்லை. ஐந்தாம் நூற்பாவின்படி, பொறிகள் உயிரால் அறிந்தும் உயிரை அறியாதவாறு போல, உயிரும் இறையருளால் அறிந்தே அவ்வருளை அறியாது நிற்கிறது. பதினோராம் நூற்பா இதனை வீட்டுநிலைக்கும் நீட்டுகிறது. கண்ணுக்குக் காட்டித் தானும் காண்கிற உயிரைப்போல, இறை உயிருக்குக் காட்டித் தானும் உடன் காண்கிறது. காட்டப்பட்டே காணுதல் கட்டுநிலையின் குறை மட்டுமன்று. உயிரின் இயல்பே அதுவாகும். உயிரின் இயலுநிலை நிகழ்நிலைக்கு வந்த பின்னரும் தன்னளவில் நிற்கும் நிகழ்நிலையாக மாறுவதில்லை. அரிஸ்டாட்டிலின் அமைப்பில் இதற்கு நேரான இடம் இல்லை.

ஒளியும் அருளும்

இயலுநிலை அறிவை நிகழ்நிலைக்குக் கொணர்வது எது என்னும் வினாவுக்கு அரிஸ்டாட்டில் ஒளியை உவமையாக்குகிறார். இயலுநிலையில் உள்ள நிறங்களை ஒளி நிகழ்நிலை நிறங்களாக்குவது போல, செயலறிவு என ஒன்று உண்டு என்பது அவர் கூற்று. அது உயிருக்கு உள்ளே இருப்பதா, வெளியே இருப்பதா என்பதை அவர் தெளிவாக உரைக்கவில்லை. உரையாசிரியர்கள் இதன்பால் பிரிந்தனர். அஃப்ரோதிசியா ஊர் அலெக்சாந்தர் அதனை முதற்காரணமாகிய இறையோடு ஒன்றெனக் கொண்டார். அவெரோஸ் எனப்படும் இபின் ருஷ்த் மாந்தர் உயிர்களினின்று பிரிந்து நிற்பது என்றார். தாமஸ் அக்குவினாஸ் ஒவ்வோர் உயிரிலும் உள்ள ஆற்றலே என்றார்.

கிரேக்க மரபு விடுத்துச் சென்ற இவ்வினாவுக்குச் சித்தாந்தம் நேரான விடை தருகிறது. ஒளி உயிருடையதன்று, இறையின் திருவருள். ஆயினும் அது உயிரின் புறத்தே நிற்பதும் அன்று. பொருளால் வேறாயினும் கலப்பினால் ஒன்றாய் நிற்பது. இதுவே அத்துவிதம் என்னும் சொல்லுக்கு மெய்கண்டார் மரபு கொண்ட பொருள். அரிஸ்டாட்டிலின் முதல் இயக்குநன் விரும்பப்படும் பொருளாக நின்று உலகை இயக்குவது. தன்னையே எண்ணும் எண்ணமாய் இருப்பது. சித்தாந்த இறையும் தான் விகாரப்படாமல் ஞாயிற்றின் முன் தாமரை அலர்வது போல உலகை இயக்குவது. மாறாமை இரண்டுக்கும் பொது; உயிர்பொருட்டுச் செயற்படும் அருள் சித்தாந்தத்திற்கே உரியது.

இவ்வொப்பீட்டில் எழும் சிக்கல் வெறும் சொல்லாராய்ச்சி அன்று. விதையுள் மரம் போல உயிருள் சிவம் சூக்குமமாய் அடங்கியுள்ளது எனச் சற்காரியவாதத்தை உயிருக்கும் நீட்டினால், வீடுபேறு என்பது மறைந்திருந்த சிவத்தன்மை வெளிப்படுதலாக முடியும். அப்போது உயிரும் சிவமும் ஒன்றே என்னும் ஏகான்மவாதத்தினின்று சித்தாந்தத்தைப் பிரிக்கும் எல்லை அழிந்துவிடும். உமாபதி சிவம் 1313ஆம் ஆண்டுக்குரியதாகக் கொள்ளப்படும் சங்கற்ப நிராகரணத்தில் மறுக்கும் கொள்கைகள் பலவும் இவ்வெல்லையைச் சுற்றியே அமைந்துள்ளன. வீட்டில் உயிர் கல்போல் கிடக்கும் என்பது பாடாணவாதம். இது இயலுநிலை நிகழ்நிலையாவதையே மறுப்பது. உயிர் சிவத்தோடு ஒத்த வன்மை பெறும் என்பது சிவசமவாதம். இது நிகழ்நிலையை அளவிறந்து உயர்த்துவது. இரண்டையும் விலக்கி இடைநின்ற வழியே உமாபதியார் காட்டுவது.

எட்டாம் நூற்பாவின் அரசகுமரன் உவமை இதற்கு மாறாகத் தோன்றலாம். வேடரிடை வளர்ந்து தன்னை மறந்த அரசகுமரனுக்கு அவன் அரசகுமரன் என உணர்த்தப்படுகிறது. அவன் முன்னரே அரசகுமரன். புதிதாய் ஆனதொன்றுமில்லை எனின், மறைந்திருந்தது வெளிப்பட்டதென்றே ஆகாதோ? உவமையை ஊன்றி நோக்கின் ஐயம் நீங்கும். உணர்த்தப்பட்டவன் தன்னை அரசனின் மகன் என அறிகிறான். அரசன் என அறியவில்லை. வெளிப்படுவது உறவு, ஒருமை அன்று. உணர்த்துவோன் இன்றி அவ்வறிவு நிகழாமையும் கருதத்தக்கது. நிகழ்நிலையில் உள்ளதே இயலுநிலையை எழுப்பும் என்னும் விதி இங்குக் குருவின் வடிவில் வந்துள்ளது.

கலைச்சொற் சிக்கல்

ஐரோப்பியத் தத்துவமும் தமிழும் சந்தித்த வரலாறு நெடியது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி (1577–1656) அரிஸ்டாட்டிலிய, தாமசியப் பயிற்சியோடு ஆத்தும நிர்ணயம் முதலிய உரைநடை நூல்களை யாத்தார். சிவஞானபோதத்தை 1895இல் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்ட ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை அதனை மறுதிசையில் கொண்டு சென்றார். இவ்வளவு நெடிய தொடர்புக்குப் பின்னும் டூனமிஸ், எனெர்கேயா என்பவற்றுக்குத் தமிழில் நிலைபெற்ற சொற்கள் அமையவில்லை.

முன்னதற்கு 'ஆற்றல்' என வழங்குதல் எளிதாகத் தோன்றும். ஆயின் அறிவியல் தமிழில் ஆற்றல் என்பது ஆங்கிலத்தின் எனர்ஜி என்பதற்கு உரியதாகிவிட்டது; அவ்வாங்கிலச் சொல்லோ எனெர்கேயாவிலிருந்து வந்தது. நிலையாற்றல், இயக்க ஆற்றல் எனப் பள்ளியில் பயின்ற மாணவன், நிகழ்நிலையைக் குறித்த கிரேக்கச் சொல்லின் வழிவந்த தமிழ்ச்சொல்லால் இயலுநிலையைப் படிக்க நேரும். 'உள்ளுறை நிலை', 'மறைநிலை' என்பனவோ சற்காரியவாதத்தைச் சொல்லிலேயே புகுத்திவிடுகின்றன. மேற்காட்டிய ஒப்பியற் பிழைக்கு இச்சொற்களும் ஒரு காரணம் எனலாம்.

இயலுதல் என்பது கூடுதலையும், இயல் என்பது தன்மையையும் குறிக்கும். பொருளின் இயல்பிலிருந்தே அதனால் இயல்வது அமைகிறது என்னும் அரிஸ்டாட்டிலின் கருத்து 'இயலுநிலை' என்னும் சொல்லில் தங்குகிறது. 'நிகழ்நிலை' முழுதும் குறைவற்றதன்று. வீடு கட்டுதல் போன்று முடிவை நோக்கிய அசைவையும், காணுதல் போன்று ஒவ்வொரு கணமும் நிறைவுற்ற செயலையும் அரிஸ்டாட்டில் பிரித்தவர். காண்பவன் அப்போதே கண்டவனும் ஆவான், கட்டுபவன் கட்டிமுடித்தவன் ஆகான். நிகழ்தல் இரண்டுக்கும் பொதுவான சொல். எனவே எண்டெலெகேயா என்பதற்கு 'நிறைநிலை' எனத் தனிச்சொல் கொள்ளுதல் நலம்.

கன்னட ஒப்பீட்டின் தேவை

இவ்வாய்வை விரிக்கத்தக்க அண்மைக் களம் ஒன்றுண்டு. சாமரசர் கன்னடத்தில் இயற்றிய பிரபுலிங்கலீலையைத் துறைமங்கலம் சிவப்பிரகாசர் பதினேழாம் நூற்றாண்டில் தமிழாக்கினார். வீரசைவம் இலிங்கம், அங்கம் இரண்டும் ஒரே தலத்தினின்று பிரிந்தவை என்றும், அங்கம் மீண்டும் இலிங்கத்தோடு சமரசமுறுவதே வீடு என்றும் கொள்வது. அங்கு ஒருமை முதலிலேயே உண்டு. இங்கு உயிர் என்றும் வேறான உள்பொருள். ஒரே உவமைகள் இரு கொள்கைகளில் எவ்வாறு வேறு பொருள் பெறுகின்றன என்பது, கன்னடமும் தமிழும் ஒருங்கே பயிலப்படும் பெங்களூரு போன்ற நகரில் தமிழாய்வு மேற்கொள்ளத்தக்க பொருளாகும்.

நிறைவுரை

அரிஸ்டாட்டிலின் இயலுநிலையும் சற்காரியவாதமும் ஒரே வினாவுக்கு எழுந்த வேறுபட்ட விடைகள். மறைந்துள்ளது வெளிப்படுதல் என்னும் விடையை அரிஸ்டாட்டில் ஏற்கவில்லை. அவர்தம் கோட்பாட்டின் மெய்யான இணை, சார்ந்ததன் வண்ணமாகும் உயிரைப் பற்றிய சித்தாந்தப் பகுதியில் உள்ளது. அங்கும் முழு ஒருமை இல்லை. கிரேக்க மரபில் இயலுநிலை தன்னளவில் நிற்கும் நிகழ்நிலையாய் முற்றுப்பெறக் கூடும். சித்தாந்தத்தில் உயிர் காட்டப்பட்டே காண்பதாய் என்றும் நிற்கும். இவ்வேறுபாட்டை விடுத்து ஒற்றுமையை மட்டும் எண்ணிச் சேர்க்கும் ஒப்பியல், சித்தாந்தத்திற்குப் பெருமை சேர்ப்பதாக எண்ணி அதன் தனித்தன்மையையே இழக்கச் செய்யும்.